ஆர்டர் குவிகிறது, மனசு மட்டும் காலி

இந்த முறை வந்த கடிதங்களில் ஆன்லைனில் வியாபாரம் செய்கிறவர்கள் எழுதியவை நிறைய. எப்படிச் சம்பாதிப்பது என்று யாருமே கேட்கவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். கிட்டத்தட்ட எல்லோரும் கேட்டிருப்பது வேறு ஒன்று: நாலு பேருக்கு உதவிக்கொண்டே சம்பாதித்து, மனநிறைவோடும் இருக்க முடியுமா? இடம் இருக்கிற அளவுக்குப் பதில் சொல்கிறேன்.

மூன்று வருஷமாக வாட்ஸ்அப்பிலும் யூடியூப் லைவிலும் சேலை விற்கிறேன். எல்லாம் சூரத் சரக்கு. ஹோல்சேல்காரர் படம் அனுப்புவார், நான் என் விலையைப் போட்டு ஸ்டேட்டஸ் வைப்பேன், ஆர்டர் வந்தால் அவரே வாடிக்கையாளர் வீட்டுக்கு நேராக கொரியர் போட்டுவிடுவார். வீட்டுக்கடன் தவணை கட்டுகிற அளவுக்கு வருமானம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி போனைக் கீழே வைக்கும்போது இன்றைக்கு என்ன செய்தோம் என்றே தெரிவதில்லை. நாலு பேருக்கு உதவுகிற மாதிரி வியாபாரம் செய்தால் மனநிறைவு கிடைக்கும் என்கிறார்கள். நிஜமாகவா, இல்லை சும்மா பேச்சுக்குச் சொல்வதா?
– வாசகி, திண்டுக்கல்

நிஜம்தான் அம்மா. ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். உதவினால் மட்டும் போதாது, அந்த உதவி போய்ச் சேர்ந்தது உங்கள் கண்ணில் பட வேண்டும். இப்போது உங்களுக்குச் சேலையைத் தயாரித்தவர் யார் என்று தெரியாது, கட்டிக்கொண்டவருக்கு அது பிடித்ததா என்றும் தெரியாது, சேலையையே நீங்கள் தொட்டுப் பார்த்ததில்லை. நடுவில் இருப்பது ஒரு போனும், பணம் வந்தது என்று அது போடுகிற சத்தமும்தான்.

ஆடம் கிராண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு நன்கொடை கேட்கிற ஊழியர்கள், நாள் முழுக்க 'வேண்டாம், வைத்துவிடு' என்றே கேட்டுக்கொண்டிருக்கிற வேலை. அவர்களில் ஒரு பிரிவினரை மட்டும், அந்த நன்கொடையில் உதவித்தொகை வாங்கிப் படிக்கிற ஒரு மாணவரோடு சில நிமிடம் பேசவைத்தார்கள். சம்பளத்தை ஏற்றவில்லை, பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிரிவினர் போனில் பேசுகிற நேரமும் திரட்டுகிற பணமும் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் போயிருந்தது. ஆன்லைன் வியாபாரத்தில், அதிலும் நீங்கள் செய்கிற மாதிரி சரக்கைக் கண்ணால் பார்க்காத ரீசெல்லிங்கில், அந்த மாணவர் வந்து உட்காரவே நாற்காலி இல்லை. உங்களுக்கு ராத்திரியில் தோன்றுவது அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்காக சூரத் சேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். தினமும் வேலைக்குக் கட்டிக்கொண்டு போக, துவைத்த ஒரு மணி நேரத்தில் காய்கிற, இஸ்திரி கேட்காத சேலை வேண்டும் என்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் தருவதும் உதவிதான், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அவர்களில் நாலு பேரையாவது போன மாதம் வாங்கிய சேலை எப்படி இருக்கிறது, சாயம் போனதா, பார்டர் சுருங்கியதா என்று கேளுங்கள். விற்பதற்காகக் கேட்காதீர்கள், சும்மா கேளுங்கள். மோசமான பதில்களும் வரும். அந்த டிசைனை ஸ்டேட்டஸில் இருந்து எடுத்துவிடுங்கள், ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதியும் போடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. நீங்கள் இருப்பது திண்டுக்கல்லில், சுங்குடிச் சேலைக்குப் பெயர்போன சின்னாளப்பட்டி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சுங்குடி மதுரை சௌராஷ்டிரர்கள் கையில் வளர்ந்தது, 2005-லேயே புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, சின்னாளப்பட்டிச் சுங்குடிக்கும் தனிப் பெயர் உண்டு. துணியைக் கிள்ளி எடுத்து நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, வீட்டு வேலைக்கு நடுவே பெண்கள் உட்கார்ந்து போடுவது. இன்றைக்குச் சந்தையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி பிரிண்ட். பிரிண்ட் வாங்குவதில் தப்பில்லை, விலையும் குறைவு, ஆனால் பிரிண்டை முடிச்சுச் சுங்குடி என்று சொல்லி விற்றால், உண்மையில் முடிச்சுப் போட்டவரின் கூலிதான் அடிபடுகிறது.

ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் மாதம் பத்துச் சேலையில் தொடங்குங்கள். விற்ற பிறகு தருகிறேன் என்று எடுத்து வராமல், எடுக்கும்போதே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். கைத்தொழில் செய்கிறவருக்கு ஆன்லைன்காரர்கள் இழைக்கிற பெரிய அநியாயம் அடிமாட்டு விலைக்குக் கேட்பதுகூட இல்லை, சரக்கை எடுத்துக்கொண்டு போய் மூன்று மாதம் கழித்து, விற்காததைத் திருப்பிக் கொண்டுவந்து போடுவதுதான் என்பேன். வாடிக்கையாளர் 'படத்தில் அரக்கு, நேரில் பிரவுன்' என்று திருப்பி அனுப்பினால் அந்த நஷ்டம் உங்களுடையது, உங்கள் போன் கேமராவுடையது, முடிச்சுப் போட்டவருடையது இல்லை. இதற்குச் சேர்த்துத்தான் நீங்கள் விலை வைக்க வேண்டும். 900-க்கு எடுத்து 1,200-க்கு விற்றால் பேராசையோ என்று கூச வேண்டாம், கொரியர், கவர், திரும்பி வருகிற சரக்கு, உங்கள் நேரம் எல்லாம் அந்த 300-க்குள்தான் இருக்கிறது. லாபமே வேண்டாம் சேவை செய்கிறேன் என்று இறங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் கடையை மூடிவிடுவார்கள், அவர்களை நம்பிக் கூடுதலாகத் துணி வாங்கி வைத்தவர் கதி என்ன ஆவது?

முடிச்சு அவிழ்க்கிற வீடியோ ஒன்று எடுத்து லைவில் போடுங்கள். முடிச்சுப் போட்டவருடைய பெயரையும் முகத்தையும் காட்டலாமா என்று முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குப் பிடிக்காது. யாராவது அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போட்டோ அனுப்பினால், அதையும் அனுப்பியவரிடம் கேட்டுக்கொண்டு, கொண்டுபோய் முடிச்சுப் போட்டவரிடம் காட்டுங்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவே போய்வருகிற வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான், வேறு சரக்கு தேடலாம்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஓப்பனிங் வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் கிடையாது', 'விலை இன்பாக்ஸில்' என்ற வரிகள் உங்கள் ஸ்டேட்டஸில் இருந்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. சட்டத்தை விடுங்கள், வீட்டில் தனியாக இருக்கிற அறுபது வயது அம்மா ஒரு கையில் கத்தரிக்கோலும் இன்னொரு கையில் போனுமாகப் பார்சலைப் பிரித்து வீடியோ எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

கல்லூரி நண்பன் ஒருவன் ஜூம் மீட்டிங்குக்குக் கூப்பிட்டான். ஆன்லைன் பிசினஸ், 'மற்றவர்களை வளர்த்துவிட்டால் நீ தானாக வளர்வாய்' என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். கேட்க நன்றாகவே இருந்தது. சேருவதற்கு 12,000 ரூபாய் கட்ட வேண்டும், அப்புறம் ஐந்து பேரைச் சேர்த்துவிட வேண்டுமாம். உதவி செய்துகொண்டே சம்பாதிக்கலாம் என்பதால் யோசிக்கிறேன்.
– வாசகர், தூத்துக்குடி

யோசிக்கவே வேண்டாம் தம்பி. நீங்கள் கட்டுகிற 12,000 எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு பொருளை யாரோ பயன்படுத்துவதற்காக வாங்கி, அதிலிருந்து உங்களுக்குக் கமிஷன் வந்தால் அது விற்பனை. ஆள் சேர்ந்ததற்காகப் பணம் வந்தால், அந்தப் பணம் சேர்ந்தவர் பையில் இருந்து வந்தது. பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்ய 1978-லேயே சட்டம் இருக்கிறது, 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும், இப்படி ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துப் பணம் பார்க்கிற பிரமிட் திட்டத்தைத் தடை செய்கின்றன. அந்த விதிகளின்படி சேருவதற்கே நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர், அவர்களுக்குக் கீழே ஐந்து ஐந்து பேர் என்று போனால் எட்டாவது அடுக்கிலேயே 3,90,625 பேர் வேண்டும். தூத்துக்குடி நகரமே காலி. அதற்கு முன்பே உங்கள் சித்தப்பாவும் அத்தை பையனும் கூடப் படித்தவர்களும் உங்கள் போனை எடுப்பதை நிறுத்தியிருப்பார்கள். உதவி என்ற சொல்லை இவர்கள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது, அந்தச் சொல் இல்லாவிட்டால் நண்பனிடம் பணம் கேட்க யாருக்கும் வாய் வராது. கூப்பிட்ட நண்பனைத் திட்டாதீர்கள், அவனும் கட்டிய காசை எடுக்கத்தான் அலைகிறான். முடிந்தால் அவனை வெளியே கூட்டி வாருங்கள்.

ஆன்லைனில் ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் போடுகிற எம்பிராய்டரி) கற்றுத் தருகிறேன். மாணவிகளில் பெரும்பாலானோர் வீட்டில் இருக்கும் பெண்கள். உதவ வேண்டும் என்றுதான் கட்டணத்தைக் குறைவாக வைத்தேன். இப்போது ராத்திரி பதினொன்றுக்கும் 'மேம், நூல் அறுந்துபோகிறது' என்று வாய்ஸ் மெசேஜ் வருகிறது. பதில் சொல்லாமல் தூங்கினால் குற்ற உணர்ச்சி, சொன்னால் மறுநாள் எரிச்சல். இந்த வேலை பிடித்துத்தான் தொடங்கினேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

நூல் ராத்திரி பதினொன்றுக்கு அறுந்தால் காலை பத்து மணி வரைக்கும் அறுந்தே கிடக்கட்டுமே, என்ன போயிற்று? தினமும் ஒரு மணி நேரம் சந்தேகத்துக்கு என்று ஒதுக்கி, அந்த நேரத்தை குரூப்பில் அறிவித்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களை எண்ணினால் பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்காது. துணி ஸ்டாண்டில் தொய்வாக இருப்பது, ஊசியைத் திருப்பாமல் இழுப்பது, சங்கிலித் தையல் மேலே வராமல் சிக்குவது, ஜர்தோசிச் சுருள் கம்பியை நீளமாக வெட்டிவிடுவது, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வைத்துவிட்டால் பதினொரு மணிக்கு அது பதில் சொல்லும்.

இந்த எரிச்சலுக்குத் தூக்கம் கெடுவது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்குப் பணத்துக்கு ஒரு பிளவுஸாவது போட்டுத் தருகிறார்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தையல் தெரிந்தும் விலை சொல்லத் தெரியாமல் நின்றுபோகிறவர்கள் அதிகம். ஒரு பிரைடல் பிளவுஸுக்கு நாலு நாள் குனிந்து உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா என்பதால் பீட்ஸ் காசை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். கடைசி இரண்டு வகுப்பை அதற்கு ஒதுக்குங்கள். மணிக்கணக்கு வைத்து விலை போடுவது, முன்பணம் கேட்பது, முகூர்த்தத்துக்கு முதல் நாள் டிசைனை மாற்றச் சொன்னால் முடியாது என்பது. எல்லாத் தெருவிலும் ஆரி கற்றவர்கள் இருக்கிற ஊரில் ஆர்டர் கிடைப்பது சிரமம் என்பதையும் சேரும்போதே சொல்லிவிடுங்கள். 'வீட்டில் இருந்தே மாதம் 30,000' என்று போஸ்டர் போடுகிற வகுப்புகளிடம் சில மாணவிகளை இழப்பீர்கள், பரவாயில்லை. கட்டணத்தையும் கொஞ்சம் ஏற்றுங்கள், நிஜமாகவே முடியாதவர் என்று உங்களுக்குத் தெரிகிற ஒருவருக்கு இலவசமாகவே கொடுங்கள்.

மரப் பொம்மை விற்கிற சின்ன வெப்சைட் வைத்திருக்கிறேன். லாபத்தில் பத்து சதவீதத்தை அநாதை இல்லத்துக்குக் கொடுத்து அதை விளம்பரத்திலும் போட்டால் எனக்கும் திருப்தி, விற்பனையும் கூடும் என்கிறார் மார்க்கெட்டிங் செய்து தருபவர். செய்யலாமா?
– வாசகர், சேலம்

கொடுங்கள். விளம்பரத்தில் போடுவதாக இருந்தால் ரசீதையும் போடுங்கள், குழந்தைகளின் படத்தைப் போடாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: பொம்மை கடைகிறவருக்குப் பாக்கி இருக்கிறதா? சிறு, குறு உற்பத்தியாளர், சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் பதிவு வைத்திருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ன் சட்டம் சொல்கிறது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கிற 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்குக்குக் கூட்டு வட்டி. அவரிடம் அந்தப் பதிவு இல்லை என்றால் நீங்களே உட்கார்ந்து செய்து கொடுங்கள். அரசு இணையதளத்தில் முழுக்க இலவசம், ஆதார் எண்ணும் ஓடிபி வருகிற போனும் பான் எண்ணும் கையில் இருந்தால் தொடங்கிவிடலாம். வெளியே சில இடங்களில் இதற்குக் கட்டணம் கேட்கிறார்கள், கொடுக்க வேண்டாம். பதிவு வந்ததும் முதலில் கேள்வி கேட்கப்படப்போவது நீங்கள்தான், அதனால் பாக்கியை இந்த வாரமே தீர்த்துவிடுங்கள்.