எந்தத் தொகுதி காலி?

கேள்வி: அமெரிக்க அதிபரின் செல்வாக்கு ஒவ்வொரு கருத்துக்கணிப்பிலும் இறங்கிக்கொண்டே போகிறது. நவம்பர் இடைத்தேர்தலில் அவர் கட்சி தேறுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: இடைத்தேர்தலா? எந்தத் தொகுதி காலியாயிற்று?

இந்தப் பக்கத்தில் இதை எத்தனை முறை எழுதினாலும் தீராது போலிருக்கிறது. ஒரு தொகுதி காலியானால் அந்த ஒன்றுக்கு மட்டும் நடப்பது இடைத்தேர்தல். நம் சிங்கப்பூரில், ஹவ்காங்கில் 2012ல் நடந்தது, பொங்கோல் ஈஸ்ட்டில் 2013ல், புக்கிட் பாத்தோக்கில் 2016ல். அமெரிக்காவில் 2026 நவம்பர் 3ஆம் தேதி கீழவையின் 435 இடங்களுக்கும், செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் ஒரே நாளில் வாக்கெடுப்பு. இதை இடைத்தேர்தல் என்பது, தீபாவளிக்கு லிட்டில் இந்தியா முழுக்க விளக்கு போட்டதை ‘சிராங்கூன் சாலையில் ஒரு பல்பு மாற்றினார்கள்’ என்று செய்தி போடுவதற்குச் சமம்.

‘இடைக்காலத் தேர்தல்’ என்று திருத்தி எழுதுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. இடைக்காலத் தடை, இடைக்கால நிவாரணம் என்றால் தற்காலிகம். கீழவைக்கு ஜெயித்து வருகிறவர் தற்காலிகமாக வரவில்லை, இரண்டாண்டு முழுசாக உட்காரப்போகிறார். பேசாமல் ‘இடைவேளைத் தேர்தல்’ என்று வைத்துவிடலாம். நான்காண்டுப் படத்தில் சரியாகப் பாதியில் விளக்கு எரிகிறது. படம் அறுவை என்றாலும் கதாநாயகனை மாற்ற முடியாது, டிக்கெட் காசும் திரும்பாது. ஆனால் முறுக்கு வாங்க வெளியே வந்தவர் கையில் ஒரு சீட்டு கொடுக்கிறார்கள்: இரண்டாம் பாதிக்குப் பணம் போடுகிற தயாரிப்பாளர் (நாடாளுமன்றம்தான்) யார் என்று நீங்களே எழுதிப் போடலாம். வேண்டாதவர் தயாரிப்பாளராக வந்தால் தீர்ந்தது. வெளிநாட்டில் டூயட் கிடையாது, கவிழ்த்து எரிக்கக் கார் கிடையாது. முதல் பாதிச் செலவுக்குக் கணக்கு நோட்டோடு வரச்சொல்லி மேக்கப்காரர் வரைக்கும் சம்மன். நாயகன் திரையில் இருப்பார், வசனம் பேசுவார், நாடாளுமன்றம் நிறைவேற்றியதைத் தடுக்கும் வீட்டோ என்ற பஞ்ச் டயலாக்கும் கைவசம் இருக்கும். அவரைத் திரையைவிட்டே இறக்க வேண்டுமானால் செனட்டில் 67 பேர் கைதூக்க வேண்டும். அது இதுவரை எந்த அதிபருக்கும் நடந்ததில்லை.

நம் ஊரில் ‘அதிபரின் கட்சி’ என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தக் கட்சியிலாவது உறுப்பினராக இருப்பவர் அதிபர் தேர்தலுக்கு மனுப் போட முடியாது. தர்மன் 2023ல் கட்சியைவிட்டு விலகிய பிறகுதான் போட்டியிட்டு 70.4 விழுக்காடு வாங்கினார். ஆனால் அதிபரால் இடைத்தேர்தல் வந்த கதை இங்கே உண்டு. 1981ல் ஆன்சன் உறுப்பினர் தேவன் நாயர் அதிபரானார். காலியான இடத்தில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் 653 வாக்கு வித்தியாசத்தில் நுழைந்தார், அதுவும் 1968 தேர்தலிலிருந்து ஒரே கட்சி உட்கார்ந்திருந்த நாடாளுமன்றத்துக்குள்ளே. அதிபர் பதவிக்காக 2017ல் ஹலிமா மார்சிலிங்-இயூ டீயை விட்டும், 2023ல் தர்மன் ஜூரோங்கை விட்டும் போனபோது ஒரு வாக்குச்சாவடிகூடத் திறக்கவில்லை. பல உறுப்பினர்கள் ஒரே அணியாக ஜெயித்து வருகிற குழுத்தொகுதியில் ஒருவர் எழுந்துபோனால் மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும். குழுத்தொகுதி முறை 1988ல் வந்தது. ஆன்சன் வரைபடத்தைவிட்டுக் காணாமல் போனதும் அதே 1988தான். (கிளமெண்டி வாசகர் இதற்கும் நான்கு பக்கக் கடிதம் எழுதுவார். இரண்டு பக்கம் போதும் ஐயா.)

சரி, தேறுமா? 1934 முதல் 2022 வரை 23 இடைவேளைகள் வந்திருக்கின்றன. அவற்றில் 20ல் அதிபரின் கட்சிக்குக் கீழவையில் இடம் குறைந்தது. தப்பியவை 1934, 1998, 2002 மட்டும். 1998ல் கிளின்டனைப் பதவி நீக்க எதிர்க்கட்சி காட்டிய அவசரம் மக்களுக்குப் பிடிக்கவில்லை. 2002, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு மறு ஆண்டு.

ஆனால் செல்வாக்கையும் இடங்களையும் ஒரே கோட்டில் போடாதீர்கள். 2010 தேர்தலுக்கு முன் கேலப் கணிப்பில் ஒபாமாவுக்கு 45 விழுக்காடு, போன இடங்கள் 63. 2022ல் பைடனுக்கு 40தான், போனவை வெறும் 9. 2010ல் ஜனநாயகக் கட்சியின் கையில் 250க்கு மேல் இருந்தது. எதிராளியின் கோட்டைகளில் எல்லாம் முந்தைய அலையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், அலை வடிந்ததும் மொத்தமாக இறங்கினார்கள். 2022ல் இழப்பதற்கே அதிகம் இல்லை. இந்தக் கணக்கில் இப்போதைய அதிபரின் குடியரசுக் கட்சிக்கு ஆறுதல் உண்டு, ஆனால் அரை ஆறுதல்தான். 2024ல் அது வாங்கியது 220, எதிராளி 215, பெரும்பான்மைக்கு 218. மூன்றே இடம் கைமாறினால் கீழவை போச்சு.

இன்னொன்று, வாக்களிக்க வருகிறவர்கள். இங்கே வாக்களிக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். தகுந்த காரணம் இல்லையென்றால் திரும்பச் சேர்க்க 50 வெள்ளி. அங்கே கட்டாயமும் இல்லை, விடுமுறையும் இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை. அதிபர் தேர்தலில் 60 விழுக்காட்டைத் தாண்டுகிற கூட்டம், 2014ல் 40ஐக்கூடத் தொடவில்லை. வராமல் போகிறவர்களில் அதிபரின் ரசிகர்களும் நிறைய. அவர் பெயர் சீட்டில் இல்லாதபோது அவர்களுக்கு என்ன வேலை? கோபத்தில் இருப்பவர் மழையிலும் வரிசையில் நிற்பார்.

இதெல்லாம் தெரிந்துதான் தொகுதி எல்லைகளைத் தங்களுக்குச் சாதகமாக வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார்கள். 1812ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜெர்ரி காலத்தில் பல்லி போல வளைந்த தொகுதியை வெட்டினார்களே, அதே தையல் வேலை. 2025 ஆகஸ்டில் டெக்சஸ் புது வரைபடம் போட்டது, குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாக எடுக்க. நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அதே அளவுக்குப் பதில் வெட்டு வெட்டியது.

இந்தத் தையல் எங்கே பிரியும் என்பதைக் கணக்காகப் பாருங்கள். ஐந்து தொகுதி, தொகுதிக்கு 100 வாக்கு. உங்கள் கட்சிக்கு மொத்தம் 300, எதிராளிக்கு 200. நியாயமாக வெட்டினால் 3–2. பேராசைப்பட்டு எல்லாத் தொகுதியிலும் 60–40 வருகிற மாதிரி பரப்பினால் 5–0. ஆனால் தொகுதிக்கு 11 பேர் மனம் மாறினால் 49–51, ஐந்தும் ஒரே இரவில் போகும். முதல் வெட்டில் இரண்டு தொகுதியாவது 80–20 என்று பத்திரமாக இருந்திருக்கும். மெல்லிசாகப் பரப்பிய தோசை திருப்பும்போது கிழிவது மாதிரி. டெக்சஸ் வரைபடத்தில் தென்பகுதித் தொகுதிகள் 2024ல் புதிதாகக் கட்சி மாறிய லத்தீன் வாக்காளர்களை நம்பி வெட்டப்பட்டவை. அவர்கள் வந்த வழியே திரும்பினால், மாவு போதாது.

செனட் வேறு கதை. அங்கே 100 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 53. சமநிலை வந்தால் துணை அதிபரின் வாக்கு இருக்கிறது, ஆகவே நான்கு இடம் போக வேண்டும். என் கணிப்பு: கீழவை கைமாறும், செனட் தங்கும்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: நம் நேரம் 4ஆம் தேதி புதன் காலை 7 மணிக்கு இண்டியானா, கென்டக்கியில் முதல் சாவடிகள் மூடும், கலிஃபோர்னியாவில் நண்பகல் 12க்கு. நம் ஊரில் கொஞ்சம் வாக்குகளை மட்டும் எடுத்து எண்ணும் ‘மாதிரி வாக்கு எண்ணிக்கை’ போல ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் நிலவரம் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. கலிஃபோர்னியா தபால் வாக்குகளை எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இழுபறியானால் கீழவை யாருக்கு என்று அந்த வாரம் தெரியாமலே போகலாம். லீவு போடுவதானால் யோசித்துப் போடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. வான்ஸ் துணை அதிபரானதால் ஒஹையோவிலும், ரூபியோ வெளியுறவு அமைச்சரானதால் புளோரிடாவிலும் செனட் இடம் காலியானது. மீதிக் காலத்துக்கு அன்றைக்கே அங்கே வாக்கெடுப்பு நடக்கிறது. அவை அசல் இடைத்தேர்தல்கள். அந்த இரண்டு மாநிலத்துக்கு மட்டும் உங்கள் கேள்வி சரி, அரை மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.