கொட்டில் தட்டின் மேல் என்ன மண் போடுவது?

கேள்வி: பரந்தனில் பால்மாட்டுக் கொட்டில் வைத்திருக்கிறேன். 12 அடிக்கு 20 அடி, மேலே பழைய கொங்கிறீற் தட்டு. வைகாசி பிறந்தால் மாடுகள் மூச்சு இளைத்துக்கொண்டு நிற்கின்றன, தீனும் எடுப்பதில்லை. தட்டில் செம்மண் பரப்பிப் புல் வைக்கலாமா? அப்படிச் செய்த அயலவரின் கொட்டில் இரவில் முன்னையை விட வெக்கையாக இருக்கிறதே, ஏன்?

பதில்: இரவு வெக்கைக்குக் காரணம் மண்ணேதான். அது வெப்பத்தைக் குறைக்கும், கூடவே பிந்தவும் வைக்கும். சாதாரண மண்ணில் 10–12 சென்ரிமீற்றர் ஆழத்தில் பகல் வெப்ப ஏற்றத்தாழ்வு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, உச்சம் ஏறக்குறைய 4 மணித்தியாலம் பிந்தும். மத்தியான வெயில், நீங்கள் மாட்டைக் கட்டுகிற நேரத்தில்தான் தட்டுக்கு இறங்குகிறது. புல் கருகி மண் வெறுமையாகக் கிடந்தால் இது இன்னும் மோசம். மண்ணின் கனத்தை விட அதன் மேல் இருக்கும் இலைப் போர்வையும் உள்ளிருக்கும் ஈரமுமே குளிர்ச்சி தருபவை.

ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிற் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் தட்டு 22 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 3 லீற்றர்படி நாளுக்கு 66 லீற்றர் விட்டால் சுமார் 44 யூனிற் வெப்பம் போகும். அதில் ஒரு பகுதி காற்றிலிருந்து வருவது. மிச்சம் உங்கள் தட்டுக்கு இறங்கியிருக்க வேண்டியது.

ஆனால் பாரத்தைப் பார்க்காமல் ஒரு கூடை மண்கூட ஏற்றாதீர்கள். 4 அங்குலச் செம்மண் கார்த்திகை மழையில் நனைந்தால் சதுர மீற்றருக்கு 180 கிலோ. முழுத் தட்டிலும் 4 தொன். ஆட்கள் ஏறி நடமாடும் தட்டுக்கே பொதுவாக 150 கிலோதான் கணக்கு. போரில் அதிர்வு கண்ட தட்டென்றால் இன்னும் கவனம். அடிப்பக்கத்தைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டாலோ, துருக்கறை நீளக்கோடாகத் தெரிந்தாலோ உள்ளே கம்பி ஊதிவிட்டது, மண் வேண்டாம். நல்ல தட்டையும் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குக் காட்டிய பிறகே தொடங்குங்கள்.

மண்ணை இலேசாக்க வேண்டும். மணல் கலந்த செம்மண், கழுவிய தும்புத்தூள், உமிக்கரி மூன்றும் ஒவ்வொரு பங்கு, உக்கிய மாட்டெரு கால் பங்கு. நனைந்த பின்னும் 4 அங்குலத்துக்கு 110–120 கிலோதான் வரும். காய்ந்தாலும் இதற்குள் காற்று நிற்பதால் வெப்பம் எளிதில் கடக்காது. குளத்து வண்டலும் முருங்கன் கரிமண்ணும் பயிருக்கு அருமை, தட்டுக்கு ஆகாது: நனைந்தால் ஊதிக் கனக்கும், காய்ந்தால் வெடிக்கும், வடிகாலை அடைக்கும்.

முதலில் வெடிப்புகளைப் பூசி, வடிகுழாய்களை அடைத்து, 2 அங்குலம் தண்ணீரை ஒருநாள் நிறுத்திக் கீழே கசிவு பாருங்கள். பிறகு 1000 கேஜ் பொலித்தீன், பொருத்துகளில் ஓரடி மேல்விழ. அதன் மேல் சிரட்டையைக் கவிழ்த்து ஒரு நிரை. பலர் இந்த இடத்தில் சல்லி போடுகிறார்கள். 2 அங்குலச் சல்லியே 80 கிலோ, மிச்சம் பிடித்த பாரமெல்லாம் அதிலே போய்விடும். சிரட்டைக்கு மேல் நிழல்வலை இரண்டு மடிப்பு, பிறகு கலவை. சாக்கு விரித்தால் ஒரு மாரியிலேயே உக்கிவிடும். வடிகுழாயைச் சுற்றி ஓரடிக்கு மண் வேண்டாம்.

புல்லை விட வற்றாளைக் (சர்க்கரைவள்ளி) கொடி நல்லது. புரட்டாதிக் கடைசியில் நட்டால் மாரி மழையே வளர்த்துவிடும். கோடைக்குள் தட்டு மூடும், வெட்டும் கொடி மாட்டுக்குத் தீனுமாகும். தண்ணீரைப் பின்னேரத்தில் விடுங்கள். ஆனையிறவுப் பக்கக் கிணறுகள் போல உவர் நீரென்றால் விடவே வேண்டாம். உப்பு கொங்கிறீற்றுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். மாட்டுச் சிறுநீரும் அப்படித்தான். காகம் எச்சமிட்டு முளைக்கும் ஆல், அரசு, வேப்பங் கன்றுகளை இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்குங்கள்.

தட்டு பாரம் தாங்காதென்றால் கவலைப்பட வேண்டாம். மேலே ஓரடி இடைவெளி விட்டுக் கிடுகுப் பந்தல் போட்டு, தட்டுக்கு இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பும் அடியுங்கள். பகல் வெப்பத்தில் பெரும்பகுதி மேலேயே நின்றுவிடும். தகரக் கூரைக்கும் இதே வழிதான். அதன் மேல் மண் ஏற்றவே கூடாது.