தெருவுக்கு வரலாறு இல்லையா?

கேள்வி: டீச்சர், என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். ‘எங்கள் தெருவின் வரலாறு’ என்று பிராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது திங்கள்சந்தை பக்கம். எங்கள் தெருவில் கோட்டையும் இல்லை, மண்டபமும் இல்லை. பேசாமல் பத்மநாபபுரம் அரண்மனை படத்தை பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டிக் கொடுத்துவிடட்டுமா?
– ஒரு அம்மா, திங்கள்சந்தை

பதில்: வேண்டாம்மா. அரண்மனையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு, உங்கள் தெருவைப் பற்றி எழுத உங்கள் மகளை விட்டால் ஆள் கிடையாது. ஊர்ப்பேரிலிருந்தே ஆரம்பிக்கட்டும். திங்கள்கிழமைச் சந்தைக்கு யார் யார் எங்கிருந்து வந்தார்கள், எதைச் சுமந்து வந்தார்கள் என்று கேட்டாலே ரெண்டு பக்கம் நிறையும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘விளை’ என்று முடிகிற பேர்கள் எத்தனை இருக்கின்றன! விளை என்றால் தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) நின்ற மேட்டு நிலம், ஏலா என்றால் வயல். இன்றைக்கு வீடாக நெருங்கிக் கிடக்கிற இடத்தில் முன்பு என்ன நின்றது என்று அந்தப் பேரே சொல்லிவிடும்.

அப்புறம், வீட்டில் பழைய நிலப் பத்திரம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். 1956 நவம்பர் 1-இல்தான் நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதற்கு முன்பு எழுதிய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும், ஆண்டும் மலையாள வழக்கமான கொல்லம் ஆண்டாக இருக்கும். 1102 என்று பார்த்துப் பிள்ளை திகைத்துப் போவாள். 825 கூட்டச் சொல்லுங்கள், 1927 வரும் (ஆவணியிலிருந்து மார்கழி பாதி வரைக்கும் 824 கூட்டினால் போதும்). பழைய கிணற்றிலோ சுமைதாங்கிக் கல்லிலோ எழுத்து இருந்தால் அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் வந்துவிடும். பத்திரத்தின் அசலை மட்டும் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், நகல் போதும்.

பாட்டாவிடமும் பாட்டியிடமும் கேள்வி கேட்க வேண்டியது அவள்தான், நீங்கள் பக்கத்தில் சும்மா இருங்கள். “சின்ன வயசில் குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தீங்க?” என்று கேட்கட்டும், உடனே “அந்தக் கிணற்றில் எல்லாரும் எடுக்கலாமா?” என்றும் கேட்கட்டும். இந்த ரெண்டாவது கேள்வியைப் பெரியவர்கள் பலர் தடுத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை உடுத்தும் உரிமைக்காகப் போராடி, 1859-இல் ஆணை பெற்ற மண் இது, கோயில் வாசல் எல்லாச் சாதியாருக்கும் திறந்ததே 1936-இல்தான். பாட்டி சொல்கிற பதில் சங்கடமாக இருந்தாலும் மழுப்பாமல் எழுதவிடுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கு நியாயம் எது அநியாயம் எது என்று நன்றாகவே புரியும்.

கேள்வி: என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், வெளியே கூட்டிப்போக வழியில்லை. வகுப்புக்குள்ளேயே ஊர் வரலாற்றை எப்படிச் செய்வது?
– ஒரு ஆசிரியை, குலசேகரம்

பதில்: சந்தை போடுங்கள். அட்டையை வட்டமாக வெட்டி, மன்னராட்சிக் காலத்தில் இங்கே புழங்கிய திருவிதாங்கூர்க் காசு செய்யட்டும்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். மீதிச் சில்லறை கொடுப்பதற்குள் கணக்குப் பாடமும் முடிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் கேட்டு ஒரே ஒரு பொருளைக் கொண்டு வரட்டும், கருப்பட்டியோ மண்சட்டியோ ஓலையில் முடைந்த கடவப்பெட்டியோ, அது வீட்டுக்கு எப்படி வந்தது என்ற கதையோடு. பேச்சிப்பாறை அணை உங்களுக்குப் பக்கம்தானே, 1906-இல் கட்டி முடித்தது, அந்தத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக எந்த ஏலாவுக்குப் போனது என்று தரையில் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். அழகான சார்ட்டுக்கு மார்க் போடாதீர்கள், அது பெரும்பாலும் அப்பா அம்மா செய்தது. சந்தை நாளன்று ஊரில் வயதான ஒருவரை வாடிக்கையாளராகக் கூப்பிடுங்கள். “கருப்பட்டிக்கு இவ்வளவு விலையா?” என்று அவர் பேரம் பேச ஆரம்பித்ததும் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் சொல்வதை எழுதட்டும்.