ஜாவா கேள்வி பதில்: பூட் 4 வந்துவிட்டது, நாங்கள் இன்னும் 2.7-ல்

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் பில்லிங் புராஜெக்ட் ஜாவா 8, ஸ்பிரிங் பூட் (ஜாவாவில் வெப் ஆப் எழுத உதவும் இலவசக் கருவித்தொகுப்பு) 2.7-ல் ஓடுகிறது. பூட் 4-க்கு மாறலாம் என்றால், "நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் கழற்ற வேண்டும்?" என்கிறார் மேனேஜர். என்ன பதில் சொல்வது?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: வண்டி ஓடுகிறது, சரி. அதற்கு உதிரிபாகம் வருவது நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். பூட் 2.7-க்கு இலவசத் திருத்தங்கள் 2023 நவம்பரோடு முடிந்தன. அதன் அடியில் இருக்கும் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 5.3-க்கு 2024 ஆகஸ்ட்டோடு முடிந்தன. பணம் கட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும். அந்தச் செலவுக்குச் சம்மதமா என்று அவரிடமே கேளுங்கள்.

2022 மார்ச் 31 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'ஸ்பிரிங்4ஷெல்' என்று பெயர் வாங்கிய ஓட்டை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட நாள். படிவத்தில் வரும் விவரங்களை ஜாவா ஆப்ஜெக்ட்டில் நிரப்பும் வழியாகவே வெளியாள், கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடர் வரை கை நீட்ட முடிந்தது. டாம்கேட் என்ற வெப் சர்வர் லாக் எழுதும் இடத்தை மாற்றி, அங்கேயே ஓடக்கூடிய ஒரு ஜேஎஸ்பி கோப்பை எழுதவைக்க முடிந்தது. அன்றே 5.3.18, 5.2.20 இரண்டும் வந்தன. நாங்கள் மேவனின் பாம் (pom.xml) ஃபைலில் ஒரு வெர்ஷன் எண்ணை மாற்றி, டெஸ்ட் ஓட்டி, ராத்திரிக்குள் ரிலீஸ் செய்துவிட்டோம். திருத்தம் கிடைக்கிற வெர்ஷனில் இருந்ததால்தான் வேலை ஒரு வரியோடு முடிந்தது.

"அந்த ஓட்டை ஜாவா 9-க்கு மேல்தானே, நாம் 8" என்று மேனேஜர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அடுத்த ஓட்டை எந்த வெர்ஷனில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும் நாளில் உங்களுக்குத் திருத்தம் வராது, இது மட்டும் தெரியும்.

ஒரே தாவலில் 4-க்குப் போகாதீர்கள். முதலில் 2.7-ஐ அப்படியே வைத்துக்கொண்டு ஜாவாவை மட்டும் 17 ஆக்கி புரொடக்‌ஷனுக்கு அனுப்புங்கள். இரண்டு வாரம் ஓடட்டும். அப்புறம், 2.7-ல் இருக்கும்போதே செக்யூரிட்டி கோடைப் பாருங்கள். வெப்செக்யூரிட்டி கான்ஃபிகரர் அடாப்டரை எக்ஸ்டெண்ட் செய்திருந்தால், செக்யூரிட்டி ஃபில்டர் செயின் பீனாக மாற்றிவிடுங்கள், 3-ல் அந்த கிளாஸே கிடையாது. பிறகு 3.5. அதற்கு இலவசத் திருத்தம் 2026 ஜூன் வரை என்பதால் அங்கே குடியேறிவிட வேண்டாம். மூச்சு வாங்கிக்கொண்டு 4-க்கு ஏறுங்கள். 4-க்கும் ஜாவா 17 போதும்.

கேள்வி: பூட் 3-க்காக, பேக்கேஜ் பெயர்களில் ஜாவாக்ஸ் என்று இருப்பதையெல்லாம் ஜகார்த்தா என்று ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டேன். இப்போது டேட்டாசோர்ஸ் இம்போர்ட் எல்லாம் சிவப்பாக இருக்கிறது. என்ன தவறு செய்தேன்?
– திருச்சி வாசகர்

பதில்: 2023-ல் இதே தவறை நானும் செய்தேன், ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஆரக்கிள் 2017-ல் ஜாவா இஇ-யை (பெரிய நிறுவன ஆப்களுக்கான ஜாவா ஏபிஐ-களின் தொகுப்பு) எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. கோடைக் கொடுத்தார்கள், 'ஜாவா' என்ற வணிகப் பெயரைக் கொடுக்கவில்லை. ஜாவாக்ஸ் என்ற பெயரில் எதையும் புதிதாக மாற்றி எழுத முடியாது என்றானதும், 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-ல் பேக்கேஜ் பெயர்களையே மாற்றினார்கள். ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 6-ம் பூட் 3-ம் 2022 நவம்பரில் அந்தப் பெயர்களுக்கு மாறின.

அப்படியானால் பெயர் மாறியது ஜாவா இஇ-யில் இருந்தவற்றுக்குத்தான். சர்வ்லெட், பெர்சிஸ்டென்ஸ், வேலிடேஷன் இவை ஜகார்த்தா. ஜாவாவை நிறுவும்போதே வரும் ஜேடிகே-க்குள்ளேயே இருக்கும் ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ்.கிரிப்டோ, ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.நெட் இவை ஜாவாக்ஸாகவே இருக்கும். உங்கள் டேட்டாசோர்ஸ் இருப்பது ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல்-ல். அதைப் பழையபடி மாற்றினால் சிவப்பு போய்விடும்.

இன்னும் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. ஜாவாக்ஸ்.டிரான்சாக்‌ஷனில் இருக்கும் டிரான்சாக்‌ஷனல் அனோட்டேஷன் ஜகார்த்தாவுக்குப் போய்விட்டது. அதன் கீழே இருக்கும் எக்ஸ்ஏ பேக்கேஜ் ஜேடிகே-யில் இருப்பதால் போகவில்லை. அனோட்டேஷன் பேக்கேஜிலும் இதே கதை: போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் (பீன் உருவானதும் ஓட வேண்டிய மெத்தடைக் குறிப்பது) போய்விட்டது, அனோட்டேஷன் புராசஸிங் போகவில்லை. கேஷுக்கான ஜேகேஷ் ஏபிஐ ஜகார்த்தாவில் சேரவே இல்லை, அதுவும் ஜாவாக்ஸ்தான். அதனால் மொத்தமாக ரீப்ளேஸ் போடாமல் பேக்கேஜ் பேக்கேஜாகப் போடுங்கள். ஓப்பன்ரீரைட் என்ற இலவசக் கருவியில் இதற்கான ரெசிபி தயாராகவே இருக்கிறது. அதை ஓட்டிவிட்டு கிட் டிஃப்பை வரி வரியாகப் படியுங்கள்.

கம்பைல் ஆகிவிட்டால் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பழைய ஜார் ஏதாவது ஒரு டிப்பென்டென்சியோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பழைய போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் இம்போர்ட்டும் கம்பைல் ஆகும். ஃபிரேம்வொர்க் 6 அதை இன்னும் மதிக்கிறது. 7-ல், அதாவது பூட் 4-ல், அந்த ஆதரவை எடுத்துவிட்டார்கள். எர்ரர் எதுவும் வராது, அந்த மெத்தட் ஓடாது, அவ்வளவுதான். உங்கள் கேஷை நிரப்பும் கோடு அதற்குள் இருந்தால், காரணம் தெரியாமல் காலியான கேஷைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மேவன் டிப்பென்டென்சி ட்ரீயை எடுத்து ஜாவாக்ஸ்.அனோட்டேஷன் ஜார் எங்கிருந்து வருகிறது என்று தேடி, அதை எக்ஸ்க்ளூட் செய்துவிடுங்கள்.

கேள்வி: பூட் 3-க்கு மாறினோம். டெஸ்ட் எல்லாம் பச்சை. ஒரே ஒரு கிளையன்ட்டுக்கு மட்டும் 404 வருகிறது.
– பெங்களூரு வாசகர்

பதில்: அவர்கள் கூப்பிடும் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருக்கிறதா பாருங்கள். முன்பு 'ஆர்டர்ஸ்' என்று மேப் செய்தால் 'ஆர்டர்ஸ்/' என்பதும் பொருந்தும். ஃபிரேம்வொர்க் 6-லிருந்து இயல்பாகப் பொருந்தாது. எங்களுக்கும் ஒரு கூட்டாளி நிறுவனம் மூன்று வருடமாகச் சாய்கோட்டோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது. அவர்களை மாற்றச் சொல்ல முடியாதென்றால், 6.2-ல் வந்த யூஆர்எல் ஹேண்ட்லர் ஃபில்டரை வையுங்கள். பழைய செட்டிங்கைத் தேடிப் போகாதீர்கள், 7-ல் அதை நீக்கிவிட்டார்கள்.

கேள்வி: விர்ச்சுவல் த்ரெட் ஆன் செய்தால் ஆப் வேகமாகும் என்றார்கள். ஆன் செய்தோம், டேட்டாபேஸ் டைம்அவுட் கொட்டுகிறது.
– சென்னை வாசகர்

பதில்: அந்த ஒற்றை வரி செட்டிங் பூட் 3.2-ல் வந்தது, ஜாவா 21 வேண்டும். உங்களுக்கு என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாம்கேட்டில் இயல்பாக 200 த்ரெட். அந்த 200-தான் இத்தனை நாள் வாசலில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தியது. நிஜ த்ரெட்டுக்குப் பதில் ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய இலேசான விர்ச்சுவல் த்ரெட் வந்ததும் வாசல் திறந்துவிட்டது, ஆயிரம் பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். உள்ளே, டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஹிக்காரி பூலில் இருப்பது இயல்பாகப் பத்து கனெக்‌ஷன். 30 விநாடி காத்திருந்தும் கனெக்‌ஷன் கிடைக்காதவர்களுக்கு டைம்அவுட்.

பூலை 500 ஆக்கினால் டேட்டாபேஸ் மூச்சுத் திணறும். டேட்டாபேஸுக்குப் போகும் இடத்தில் ஒரு செமஃபோர் வைத்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துங்கள். வெளி ஏபிஐ-களைக் கூப்பிட்டுக் காத்திருக்கும் வேலைகளில்தான் விர்ச்சுவல் த்ரெட்டின் முழுப் பலன் தெரியும். முடிந்தால் ஜாவா 25-க்குப் போய்விடுங்கள். 21-ல் சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் காத்திருக்கும் விர்ச்சுவல் த்ரெட் அடியில் இருக்கும் நிஜ த்ரெட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சிக்கலை 24-ல் தீர்த்துவிட்டார்கள்.

கேள்வி: பூட் 4-ல் முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?
– சிங்கப்பூர் வாசகி

பதில்: ஏபிஐ வெர்ஷனிங் இனி ஃபிரேம்வொர்க்கிலேயே இருக்கிறது, நாமே எழுதிய பழைய கோடைத் தூக்கிவிடலாம். டாம்கேட்டுக்குப் பதிலாகச் சிலர் வைத்திருந்த அண்டர்டோ சர்வருக்கு இனி ஆதரவு இல்லை. ஜேஸன் படிக்கவும் எழுதவும் உதவும் ஜாக்சனில் 3-க்கு மாறியிருக்கிறார்கள். அதன் பேக்கேஜ் பெயர் டூல்ஸ்.ஜாக்சன் என்று மாறியிருக்கிறது, ஆனால் அனோட்டேஷன்கள் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கின்றன. திருச்சி வாசகருக்குச் சொன்ன எச்சரிக்கையை இங்கேயும் படித்துக்கொள்ளுங்கள்.

நான் பயப்படுவது, டேட்டாபேஸ் டேபிள் மாற்றங்களை ஓட்டும் ஃப்ளைவேயைப் பற்றி. முன்பு ஃப்ளைவே ஜார் இருந்தாலே போதும், ஆப் தொடங்கும்போது மைக்ரேஷன் ஓடிவிடும். 4-ல் பூட்டைச் சின்னச் சின்ன மாட்யூல்களாகப் பிரித்துவிட்டதால், ஃப்ளைவேக்கான ஸ்டார்ட்டரையும் சேர்க்க வேண்டும். மறந்தால் டேபிள் மாறாமலே ஆப் எழுந்து நிற்கும்.

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் அக்கா. ஸ்பிரிங்குக்கு நானும் பங்களிக்க முடியுமா? கம்பெனி கைமாறியபடி இருக்கிறதே, நாளை காசு கேட்பார்களா?
– மதுரை வாசகர்

பதில்: தம்பி, கைமாறியது உண்மை. ராட் ஜான்சன் 2002-ல் எழுதிய ஒரு ஜாவா புத்தகத்தின் உதாரணக் கோடிலிருந்து பிறந்தது இது. அவருடைய கம்பெனியை 2009-ல் விஎம்வேர் வாங்கியது, நடுவில் பிவோட்டல், திரும்ப விஎம்வேர், 2023-லிருந்து பிராட்காம். இத்தனைக்கும் நடுவில் அப்பாச்சி 2.0 உரிமம் மாறவில்லை. வெளியான கோடை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது.

பங்களிக்க, புதிய வசதி எழுதிக்கொண்டு போகாதீர்கள். கிட்ஹப்பில் திறந்திருக்கும் பக் ஒன்றை எடுங்கள். அது வருவதைக் காட்டும் மிகச் சிறிய புராஜெக்ட் ஒன்றை, இரண்டு கிளாஸ் போதும், செய்து கொடுங்கள். அந்த டீம் எல்லோரிடமும் முதலில் கேட்பது அதைத்தான். ஆவணங்களில் தவறு கண்டால் நேரடியாகத் திருத்தி அனுப்பலாம். முன்பு தனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து கமிட்டில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்ற ஒரு வரி போதும். கிட் கமிட் கமாண்டோடு மைனஸ் எஸ் (சின்ன எழுத்து) சேர்த்தால் உங்கள் பெயரோடு அந்த வரி தானாக விழும். முதல் புல் ரிக்வெஸ்ட்டை அனுப்பியதும் எனக்கு எழுதுங்கள்.