பஸ் இலவசம்தான், ஏற முடிந்தால்

"மொரீஷியஸில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பஸ் இலவசம், மெட்ரோவும் வந்துவிட்டது. இன்னும் என்ன குறை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறை டிக்கெட்டில் இல்லை, படியில். 2005 முதல் முதியோர், மாணவர், மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம்தான். ஆனால் எங்கள் பக்கம் ஓடும் பழைய பஸ்களில் முதல் படியே கிட்டத்தட்ட முழங்கால் உயரம். அதற்கு மேல் இன்னும் இரண்டு, நடுவே ஒரு கம்பி. என் அத்தை சக்கர நாற்காலியில் இருப்பவர். இலவச அட்டை வைத்திருக்கிறார். அது பர்சை விட்டு வெளியே வந்ததே இல்லை. காசெல்லாம் டாக்சிக்குத்தான் போகிறது.

மெட்ரோ வேறு கதை. 2020 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில் ஊர் வரை ஓடத் தொடங்கி, 2022 அக்டோபரில் கியூர்பிப் போய்ச் சேர்ந்தது. பெட்டியின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டம் என்பதால் நாற்காலி அப்படியே உள்ளே உருண்டுவிடும். முதல் முறை போர்ட் லூயி போய் வந்த அன்று அத்தை கடைத்தெருவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "யாரும் என்னைத் தூக்கவில்லைடா" என்றார், அவ்வளவுதான்.

சரி, நிலையம் வரை எப்படிப் போவது? குறுகிய நடைபாதை, நடுவில் மின்கம்பம், பக்கத்தில் மூடாத வடிகால். மொரீஷியஸ் 2010இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோதே, பொதுக் கட்டடங்களில் பிரெய்ல் பலகை, வழிகாட்டும் உதவியாளர் போன்றவற்றைச் செலவு அதிகம் என்று ஒதுக்கி வைத்தது. கண் தெரியாதவரும் 'பொது'வில் சேர்த்திதானே! அத்தை இன்னமும் மாதம் ஒருமுறைதான் மெட்ரோவில் போகிறார், அதுவும் நான் காரில் நிலையம் வரை கொண்டுவிட்டால்.