டிக்கியில் இடி, ஹெட்லைட்டில் இருட்டு: கார் ஆடியோ கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே ரகம்: ஆம்ப்ளிஃபையர் வாங்கி மாட்டிய பிறகு, ‘இப்போது என்ன செய்வது?’ வண்டியின் பெயர், ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றச் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) எத்தனை ஆம்பியர், ஆம்ப்ளிஃபையரில் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்ற மூன்றையும் எழுதாதவர்களுக்கு நான் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

பெட்டியில் 3000 வாட் என்று போட்டிருக்கிறது. என் வண்டி தாங்குமா? (ஓசூர்)

பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸ்களைக் கூட்டுங்கள். இரண்டு 30 என்றால் 60 ஆம்பியர். 13 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 800 வாட் உள்ளே போகிறது. கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையர் என்றால் அதில் முக்கால் பங்கு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். கிளாஸ் ஏபி என்றால் பாதியோ கொஞ்சம் கூடவோ. மீதி வெறும் சூடு. அந்த 3000 உண்மையாக இருந்தால் 300 ஆம்பியர் வேண்டியிருக்கும். சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போதுகூட அவ்வளவு இழுக்காது.

டிரம் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. கடையில் சொன்னபடி ஒரு ஃபாரட் கபாசிட்டர் போட்டேன். இன்னும் மங்குகிறது. இரண்டு ஃபாரட் போடலாமா? (திருப்பூர்)

இந்தக் கேள்வி எத்தனையாவது முறை வருகிறது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நீல வெளிச்சத்தில் வோல்ட் காட்டும் அந்தக் குழாய் டிக்கியில் அழகாகத்தான் இருக்கும். அதற்குமேல் அது செய்வது மிகக் கொஞ்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14.4 வோல்ட்டில் நிரம்பிய ஒரு ஃபாரட் கபாசிட்டர், 12 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் கொடுக்கும் ஆற்றல் சுமார் 30 ஜூல். உண்மையாகவே 1000 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபையர் அதை 0.03 விநாடியில் குடித்துவிடும். கண்ணை ஒருமுறை மூடித் திறக்கவே அதைவிடப் பல மடங்கு நேரமாகும். அரை விநாடி நீளும் பாஸ் ஓசைக்கு இது எம்மாத்திரம்? கொடுத்த கைமாற்றை அது அடுத்த கணமே திருப்பி வசூலிக்கவும் செய்யும், அதுவும் அதே ஆல்டர்னேட்டரிடம். இரண்டு ஃபாரட் என்றால் 0.06 விநாடி. போதுமா?

விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் கபாசிட்டரை மாட்டப் பத்து நிமிடம் போதும். கேபிள் மாற்ற அரை நாள் குனிந்து வேலை செய்ய வேண்டும்.

எங்கே குறைகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடட்டும், ஏசியும் ஹெட்லைட்டும் எரியட்டும், அதே பாட்டைப் போடுங்கள். ஒரு மீட்டர் பேட்டரி முனையில், இன்னொன்று ஆம்ப்ளிஃபையர் முனையில். பேட்டரியில் 14 நின்று ஆம்ப்ளிஃபையரில் 12.3 என்றால், இடையில் உள்ள கேபிளோ எர்த்தோ தின்கிறது. பேட்டரியிலேயே 12.3 என்றால் ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்கவில்லை. ஹெட்லைட்டே மங்குவதால் உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது வகை.

முதல் வைத்தியம் மூன்று கேபிள்கள்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவ், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடி, இன்ஜினிலிருந்து பாடி. கம்பெனி போட்டதைக் கழற்ற வேண்டாம். 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளைக் கூடவே இணையுங்கள். ஆல்டர்னேட்டர் கேபிளில் ஃபியூஸ் கட்டாயம். நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சிறு சென்சார் இருந்தால் அதைத் தாண்டி, பாடி பக்கமாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் கணக்கு தவறும். பலருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அதன் மேல் 80 ஆம்பியர் என்று எழுதியிருப்பது இன்ஜின் நன்றாகச் சுழலும்போது. சிக்னலில் நிற்கையில் பாதிதான் வரும். அதில் ஏசி, மின்விசிறி, விளக்கு எல்லாமாக 30, 40 ஆம்பியரை வண்டியே எடுத்துக்கொள்ளும். மீதி எங்கிருந்து வரும்? பேட்டரியிலிருந்து. பெரிய பேட்டரி வாங்குவது மொட்டை மாடியில் பெரிய தொட்டி கட்டுவது போல. கீழே மோட்டார் அதேதான் என்றால், தொட்டி காலியாகக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். கூடுதல் ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடுங்கள். செலவு வேண்டாமென்றால் ஆம்ப்ளிஃபையரில் உள்ள கெயினை, அதாவது ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகை, குறையுங்கள்.

ஃபியூஸை டிக்கியில், ஆம்ப்ளிஃபையர் அருகில் வைத்தால் மாற்றுவது எளிது என்கிறார்கள். சரிதானே? (தஞ்சாவூர்)

தவறு. ஃபியூஸ் கேபிளைக் காப்பாற்ற இருக்கிறது, ஆம்ப்ளிஃபையரை அல்ல. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு வண்டி வந்தது. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் போடாமல் கேபிளை இழுத்திருந்தார்கள். தகரத்தின் விளிம்பு உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஒருநாள் செம்பைத் தொட்டுவிட்டது. ஃபியூஸ் நாலு மீட்டர் தள்ளி டிக்கியில் சௌக்கியமாக இருந்தது. ஓட்டுநர் பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கினேன். அடியில் கேபிள் போன பாதை முழுக்க ஒரு கறுப்புக் கோடு. உரிமையாளர் உடனே பேட்டரியைக் கழற்றியதால் வண்டி பிழைத்தது. ஒன்றரை அடி. மறக்காதீர்கள்.

ஆன்லைனில் 8 கேஜ் கேபிள் கிட் மலிவாகக் கிடைக்கிறது. 60 ஆம்பியருக்குப் போதுமா? (நாகர்கோவில்)

ஒரு முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். ஒரே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை. 8 கேஜ் நல்ல செம்பாகவே இருந்தாலும், ஐந்து மீட்டரில் 60 ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் போய்விடும். அலுமினியத்தில் ஏறக்குறைய ஒரு வோல்ட். 4 கேஜ் செம்பு, அதாவது 21 சதுர மில்லிமீட்டர், வாங்குங்கள் (கேஜ் எண் குறைந்தால் தடிமன் கூடும்). நம் ஊரில் 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் சுலபமாகக் கிடைக்கும். செம்புதானா என்று அதையும் சுரண்டிப் பாருங்கள். கேபிள் முனையில் மாட்டும் லக்கை அழுத்துகருவியால் அழுத்துங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள்.

சார், நல்ல செட் ஒன்று சொல்லுங்கள். பட்ஜெட் பிரச்சினை இல்லை. (ஊர் எழுதவில்லை)

வண்டி எது?

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ஊய்ங்’ என்ற சத்தமும் ஏறுகிறது. (காரைக்குடி)

எர்த். பத்தில் எட்டு முறை அதுதான். டிக்கியில் பெயின்ட் மேலேயே போல்ட் முடுக்கியிருப்பார்கள். கழற்றி, வெறும் தகரம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்காதீர்கள். அது உங்கள் உயிருக்காக இருக்கிறது. சத்தம் போகாவிட்டால், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரும் பவர் கேபிளும் ஒரே பக்கமாக ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

இரவு நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் எடுத்தால் செல்ஃப் அடிப்பதில்லை. புதுப் பேட்டரிதான். (கோவை)

ஆம்ப்ளிஃபையரை ஆன், ஆஃப் செய்யும் ரிமோட் ஒயரை எப்போதும் மின்சாரம் வரும் ஒயரில் கட்டியிருப்பார்கள். சாவியை எடுத்த பிறகும் ஆம்ப்ளிஃபையரின் விளக்கு எரிந்தால் சந்தேகமே இல்லை. பேட்டரியை மாற்றுவதற்கு முன் இதைப் பார்த்திருக்கலாம்.

டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைக்க ஆசை. (மதுரை)

வைக்கலாம். மூடிய ஏஜிஎம் வகையாக (அமிலம் கண்ணாடி இழைப் பாய்க்குள் ஊறியிருக்கும் வகை) இருக்கட்டும். சாதாரணப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும், அது ஆள் உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது. பிரேக் பிடித்தாலும் நகராதபடி பட்டை போட்டு இறுக்குங்கள். இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஓடும் கேபிளுக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும். ஒவ்வொன்றும் அதனதன் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். ஆம், மறுபடியும் அதேதான்.

இன்ஜின் அறையில் லித்தியம் பேட்டரி? (வேலூர்)

அந்தச் சூட்டில் வேண்டாம்.

மின்சார கார் வாங்கியிருக்கிறேன். அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது எத்தனை ஆம்ப்ளிஃபையர் வேண்டுமானாலும் போடலாம் அல்லவா? (சென்னை)

பெரிய பேட்டரிக்கும் உங்கள் ஸ்டீரியோவுக்கும் நேரடி உறவே இல்லை. மின்சார காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது. உயர் வோல்ட்டைக் குறைத்து 12 வோல்ட் பக்கத்துக்கு அனுப்ப ஒரு டிசி-டிசி கன்வர்ட்டர் இருக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. விளக்கு, பவர் ஸ்டீயரிங், கணினிகள் எல்லாம் அதை நம்பியே ஓடுகின்றன. அந்த எல்லையை சர்வீஸ் மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு எழுதுங்கள். அதுவரை ஆரஞ்சு நிற உறை போட்ட எந்தக் கேபிளின் அருகிலும் உங்கள் ஆடியோ கடைக்காரரை விடாதீர்கள். அவற்றுக்குள் ஓடுவது 12 வோல்ட் அல்ல, சில நூறு வோல்ட்.