பள்ளி அணியின் நட்சத்திரங்களும் என்.எச்.எல். தேர்வும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் ஐஸ் ஹாக்கி அணியில் இரண்டு மாணவர்களைப் பற்றி ஊரே பேசுகிறது. முன்கள வீரனான ஒருவன் ஆட்டத்துக்கு மூன்று புள்ளிகளுக்குக் குறையாமல் எடுக்கிறான். தடுப்பாட்டக்காரனான மற்றவன் அதில் பாதிகூட எடுப்பதில்லை. ஆனால் ஸ்கவுட்டுகள் இரண்டாமவனைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று சொல்கிறார்கள். இவர்களை எப்படி ஒப்பிடுவது? – வாசகர், மினியாபொலிஸ்

பதில்: வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எச்.எல்.லின் அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்து இளம் வீரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வதைத்தான் தேர்வு (டிராஃப்ட்) என்கிறோம்; அதற்காகத் திறமையுள்ள சிறுவர்களைத் தேடி வருபவர்களே ஸ்கவுட்டுகள். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி, அந்தக் கோலுக்கு முன் வட்டைக் கடத்திக் கொடுத்த அதிகபட்சம் இரண்டு பேருக்குத் தலா ஒரு புள்ளி என்பதுதான் ஐஸ் ஹாக்கிக் கணக்கு. ஆகவே புள்ளிப் பட்டியல் ஒருவன் எத்தனை கோல்களில் பங்கு பெற்றான் என்பதைக் காட்டுமே தவிர, யாருக்கு எதிராக, யாரோடு சேர்ந்து, எவ்வளவு நேரம் களத்தில் நின்று அதைப் பெற்றான் என்பதைக் காட்டாது. உங்கள் மாநிலமான மினசோட்டாவில் பெரிய பள்ளிகளும் வலுவான அணிகளும் இரட்டை ஏ பிரிவிலும், சிறிய பள்ளிகள் ஏ பிரிவிலும் ஆடுகின்றன. இருந்தும் பருவம் முழுவதும் எல்லா ஆட்டங்களும் சமபலமுள்ள அணிகளுக்கிடையே நடப்பதில்லை. வலுவில்லாத ஓர் அணிக்கு எதிராக ஒரே மாலையில் ஆறு புள்ளிகள் எடுக்கும் சிறுவன், எடைனா போன்ற வலுவான பள்ளி அணியைச் சந்திக்கும்போது என்ன செய்கிறான் என்பதைத் தனியே பிரித்துப் பார்த்தால்தான் அவனுடைய அளவு தெரியும். நீங்கள் குறிப்பிடும் முன்கள வீரனுடைய ஆட்டக் குறிப்புகள் கிடைத்தால், வலுவான எதிரணிகள் ஏழெட்டுக்கு எதிரான ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். மொத்தக் கணக்கைவிட அந்தச் சிறு கணக்கைத்தான் நான் நம்புவேன்.

களத்தில் நிற்கும் நேரமும் முக்கியம். மினசோட்டாப் பள்ளி ஆட்டத்தில் 17 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள், அதாவது மொத்தம் 51 நிமிடங்கள். பள்ளி அணியின் சிறந்த வீரன் அதில் பாதியையோ அதற்கு மேலோ தானே ஆடிவிடுவதுண்டு. அமெரிக்காவின் சிறந்த இளம் வீரர்களைத் திரட்டிப் பயிற்றும் மிச்சிகனிலுள்ள தேசிய அணி வளர்ச்சித் திட்டத்திலோ, யு.எஸ்.எச்.எல். என்ற ஜூனியர் (இளையோர்) லீகிலோ ஆடும் அதே வயதுச் சிறுவன், தன்னைப் போன்ற திறமையுள்ள பலரோடு அந்த நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறான். அவனுக்கு எதிரே நிற்பவர்களும் சில ஆண்டுகள் மூத்தவர்களாக இருக்கிறார்கள். எனவே இங்கே எடுத்த மூன்று புள்ளியையும் அங்கே எடுத்த ஒரு புள்ளியையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது.

இந்த ஒப்பீட்டின் சிக்கலை 2005ஆம் ஆண்டுத் தேர்வு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டு முதல் சுற்றில் வடக்கு மினசோட்டாப் பள்ளிகளைச் சேர்ந்த மூவர் எடுக்கப்பட்டார்கள். மூர்ஹெட் பள்ளியின் தடுப்பாட்டக்காரர் பிரையன் லீயை ஒட்டாவா அணி 9ஆவது இடத்தில் எடுத்தது. மாநிலத்தின் சிறந்த பள்ளி வீரருக்கு 1985 முதல் வழங்கப்படும் ‘மிஸ்டர் ஹாக்கி’ விருதை அந்த ஆண்டு பெற்றவரும் அவரே. கனடிய எல்லையை ஒட்டிய வாரோட் என்ற சிற்றூரின் முன்கள வீரர் டி.ஜே. ஓஷியை செயின்ட் லூயிஸ் அணி 24ஆவது இடத்திலும், இரும்புத்தாதுச் சுரங்கப் பகுதியிலுள்ள வர்ஜீனியா என்ற ஊரிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர் மேட் நிஸ்கனனை டல்லஸ் அணி 28ஆவது இடத்திலும் எடுத்தன. விருது, பள்ளியின் பெயர், உடலமைப்பு என்று அன்று கண்ணில் பட்ட எல்லாம் லீயையே முன்னிறுத்தின. அவருடைய என்.எச்.எல். வாழ்க்கை 209 ஆட்டங்களோடு முடிந்தது. ஓஷி 1,010 ஆட்டங்களும் நிஸ்கனன் 949 ஆட்டங்களும் ஆடினார்கள். 2018இல் வாஷிங்டன் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். லீயை ஒட்டாவா எடுத்ததற்கு இரண்டு இடங்கள் பின்னால், ஸ்லோவேனியாவைச் சேர்ந்த அன்ஜே கோப்பிட்டாரை லாஸ் ஏஞ்சலஸ் எடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தொழில்முறை ஸ்கவுட்டுகளுக்கே இந்தக் கணிப்பு எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

லீயைத் தேர்ந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தடுப்பாட்டக்காரர்களைப் பதினேழு வயதில் மதிப்பிடுவது முன்கள வீரர்களை மதிப்பிடுவதைவிடக் கடினமானது. பள்ளி ஆட்டத்தில் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தாராளமாக நேரம் கிடைக்கும். தொழில்முறை ஆட்டத்தில் அந்த நேரம் கிடைப்பதேயில்லை. அதனால்தான் ஸ்கவுட்டுகள் உங்கள் ஊர்த் தடுப்பாட்டக்காரனிடம் வேறொன்றைத் தேடுகிறார்கள். பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே திரும்பும்போது அவன் வேகம் குறைகிறதா, வட்டு தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிடுகிறானா, எதிராளி நெருக்கும்போது கண்ணாடிச் சுவரை நோக்கி வட்டை வெறுமனே தள்ளிவிடுகிறானா அல்லது சக வீரனைக் கண்டு கொடுக்கிறானா என்பன புள்ளிப் பட்டியலில் ஏறாதவை. ஆனால் மேல்மட்டத்துக்குப் போகும்போது கூடவே வருபவை இவைதாம். முன்கள வீரனுக்கும் இதே அளவுகோல் உண்டு. வட்டு எதிரணியிடம் போனதும் அவன் தன் கோலை நோக்கிக் கால்களை அசைக்கிறானா என்று அடுத்த ஆட்டத்தில் கவனியுங்கள். மூன்று புள்ளி எடுக்கும் சிறுவனின் தேர்வு வாய்ப்பு பெரும்பாலும் அங்கேதான் கூடும் அல்லது குறையும்.

சிறிய பிரிவில் ஆடுவதாலேயே ஒருவனை ஒதுக்கிவிடவும் கூடாது. ஏ பிரிவில் ஆடிய பிரெக் பள்ளியின் பிளேக் வீலரை 2004இல் ஃபீனிக்ஸ் அணி 5ஆவது இடத்தில் எடுத்தபோது பலர் வியந்தார்கள். உயரமும் நீண்ட கைகளும் கொண்ட அந்தச் சிறுவன், ஜூனியர் லீகில் ஓராண்டும் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகளும் ஆடிவிட்டு, பாஸ்டன் அணிக்காக என்.எச்.எல்.லில் நுழைந்து, 900க்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்தார்.

கேள்வி: ஒரே வகுப்பில் படிக்கும் இருவரில் ஒருவனுக்கு இந்த ஆண்டே தேர்வுத் தகுதி உண்டு, மற்றவனுக்கு அடுத்த ஆண்டுதான் என்கிறார்களே? – வாசகர், டொராண்டோ

பதில்: செப்டம்பர் 15ஆம் தேதிக்குள் 18 வயது நிறைபவர்களே அவ்வாண்டுத் தேர்வுக்கு முதன்முறையாகத் தகுதி பெறுகிறார்கள். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்தவர். இரண்டே நாள் வேறுபாட்டில் 2015ஆம் ஆண்டுத் தேர்வு அவருக்குக் கைதவறியது. மறு ஆண்டு டொராண்டோ அணி அவரை முதல் இடத்தில் எடுத்ததை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இதனால் ஒரே தேர்வில் நிற்கும் இரண்டு சிறுவர்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு வயது இடைவெளி இருக்கக்கூடும். பதினேழு வயதில் ஓராண்டு என்பது தோள் அகலத்திலும் கால் வலிமையிலும் பெரிய வேறுபாடு. ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தங்கள் தகுதிக்கு ஏற்ற இடத்தைவிடப் பின்னால் எடுக்கப்படுகிறார்கள் என்றும், ஆனால் 400 ஆட்டங்கள் போன்ற எல்லைகளைத் தொடும் வாய்ப்பு அவர்களுக்கே ஏறத்தாழ இரு மடங்கு என்றும் 2013இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. இரு சிறுவர்கள் மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்தால், நான் இளையவனையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: பள்ளியிலிருந்து நேராக என்.எச்.எல்.லுக்குப் போய் வென்றவர்கள் உண்டா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு, அவர்கள் எல்லோரும் 1980களின் தொடக்கத்தைச் சேர்ந்தவர்கள். மாசசூசெட்ஸின் பாபி கார்பென்டரை 1981இல் வாஷிங்டன் 3ஆவது இடத்தில் எடுத்து நேரே களத்தில் இறக்கியது. மறு ஆண்டு மினசோட்டாவின் சவுத் செயின்ட் பால் பள்ளியிலிருந்து 6ஆவது இடத்தில் பஃபலோவுக்குச் சென்ற தடுப்பாட்டக்காரர் ஃபில் ஹவுஸ்லி 1,232 புள்ளிகள் எடுத்து ஓய்வு பெற்றார்.

மிகக் கூர்மையான ஒப்பீடு 1983இல்தான் கிடைக்கிறது. ரோட் ஐலண்டிலுள்ள மவுண்ட் செயின்ட் சார்ல்ஸ் பள்ளியின் பிரையன் லாட்டனை மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் அணி முதல் இடத்தில் எடுத்தது. அமெரிக்காவில் பிறந்த ஒருவர் முதலிடத்தில் தேர்வானது அதுவே முதல் முறை. நான்கு இடங்கள் தள்ளி, மாசசூசெட்ஸின் ஆக்டன்-பாக்ஸ்பரோ பள்ளியின் கோல்காப்பாளர் டாம் பராசோவை பஃபலோ எடுத்தது. பராசோ கல்லூரியையோ ஜூனியர் லீகையோ பார்க்காமல் 18 வயதில் களமிறங்கி, அந்த முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதையும் சிறந்த கோல்காப்பாளருக்கான வெசினா விருதையும் சேர்த்து வென்றார். லாட்டன் 483 ஆட்டங்களில் 112 கோல்கள் அடித்தார். எந்தச் சிறுவனுக்கும் பெருமை தரக்கூடிய கணக்கு அது. ஆனால் அதே தேர்வில் நான்காவதாக எடுக்கப்பட்ட ஸ்டீவ் ஐசர்மன் 1,755 புள்ளிகள் எடுத்ததால், லாட்டனுடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒப்பீட்டின் நிழலிலேயே கழிந்தது. அது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன். முதலிடத்தில் தன்னை எடுக்கும்படி அவர் யாரையும் கேட்கவில்லை. தேர்வு இடம் அணியின் கணிப்பு, வீரனின் வாக்குறுதி ஆகாது.

இன்றைக்குப் பள்ளியிலிருந்து நேராகச் செல்வது நடைமுறையில் இல்லை. 1996இல் தேசிய அணி வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு நாட்டின் மிகச் சிறந்த பதினாறு வயதுச் சிறுவர்களில் பலர் அங்கே சென்றுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டுத் தேர்வின் முதல் சுற்றில் மட்டும் அத்திட்டத்தின் எட்டு வீரர்கள் எடுக்கப்பட்டார்கள். பள்ளியிலிருந்து தேர்வாகும் சிறுவனும் அதன்பின் ஜூனியர் லீகிலோ கல்லூரியிலோ சில ஆண்டுகள் ஆடியே மேலே வருகிறான்.

கேள்வி: என் மகன் பள்ளியின் கடைசி ஆண்டை முடிக்காமல் ஜூனியர் லீகுக்குச் செல்வது தேர்வு வாய்ப்பைக் கூட்டுமா? பள்ளியிலேயே இருந்தால் ஸ்கவுட்டுகள் மறந்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். – வாசகி, செயின்ட் பால்

பதில்: மறக்கமாட்டார்கள். கேசி மிட்டல்ஸ்டாட் 2016–17 பருவத்தின் தொடக்கத்தில் கிரீன் பே நகரின் ஜூனியர் அணியில் ஆடினார். பள்ளிப் பருவம் தொடங்கியதும், மாநிலக் கோப்பையைத் தன் சக மாணவர்களோடு வெல்ல வேண்டுமென்று ஈடன் பிரைரி பள்ளிக்கே திரும்பிவந்தார். அரையிறுதியில் கிராண்ட் ராப்பிட்ஸ் அணியிடம் தோற்றதால் அந்தக் கனவு கைகூடவில்லை. ஆனால் மிஸ்டர் ஹாக்கி விருது கிடைத்தது. ஜூனில் பஃபலோ அவரை 8ஆவது இடத்தில் எடுத்தது. தேர்வுக்கு முந்தைய உடற்தகுதிச் சோதனையில் கம்பியைப் பிடித்து ஒருமுறைகூட உடலை மேலே தூக்க அவரால் முடியவில்லை என்பது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதுவும் அவருடைய இடத்தைப் பெரிதாகக் குறைத்துவிடவில்லை. வட்டைக் கையாளும் அவருடைய திறனை ஸ்கவுட்டுகள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்திருந்தார்கள்.

இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது. தன் பள்ளி லீகில் எவரும் தன்னைத் தடுக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட சிறுவன், அங்கேயே இன்னும் ஓராண்டு ஆடினால் சோம்பேறித்தனமான பழக்கங்கள் படியக்கூடும். அவனுக்கு ஜூனியர் லீக் நல்லது. இன்னும் வலுவேறாத சிறுவன் அங்கே கடைசியாகக் களமிறங்கும் நான்காவது வரிசையில் சில நிமிடங்கள் ஆடிவிட்டு உட்கார்ந்திருப்பதைவிட, பள்ளியில் நெருக்கடியான நேரங்களில் எல்லாம் களத்தில் நிற்பது மேல். இலையுதிர் காலத்தில் பள்ளி வீரர்களுக்கென்றே நடக்கும் எலீட் லீகும் ஸ்கவுட்டுகள் தவறாமல் வரும் இடம்தான்.

கனடிய ஜூனியர் லீகுகளில் ஆடியவர்கள் அமெரிக்கக் கல்லூரி முதல் பிரிவில் ஆட முடியாது என்ற பழைய தடை 2025 ஆகஸ்ட் முதல் நீங்கிவிட்டது. கல்லூரி வாய்ப்பு பறிபோகுமே என்ற அச்சத்தில் பள்ளியிலேயே தங்கிய சிறுவர்களுக்கு இப்போது இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. மினசோட்டாப் பள்ளி ஹாக்கியை நேசிக்கும் எனக்கு இது கவலை தருகிறது. 1945 முதல் நடந்துவரும் மாநிலப் போட்டி, சொந்த ஊர்ச் சிறுவர்கள் சொந்த ஊர்ச் சட்டையில் ஆடுவதால்தான் இத்தனை கூட்டத்தை ஈர்க்கிறது. 1969 இறுதியாட்டத்தில் வாரோட்டின் ஹென்றி பூஷே காயமுற்று வெளியேற, கூடுதல் நேரத்தில் எடைனா 5–4 என்று வென்றதை அங்கே இன்றைக்கும் பேசுகிறார்கள். அத்தகைய ஒரு மார்ச் மாத மாநிலப் போட்டியை உங்கள் மகன் விரும்பினால், தேர்வைக் காரணம் காட்டி அவனைத் தடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணிக்கு ஆடுகிறாள். பெண்களுக்கும் இப்படி ஒரு தேர்வு உண்டா? – வாசகி, சிகாகோ

பதில்: பி.டபிள்யூ.எச்.எல். என்ற பெண்கள் தொழில்முறை லீகின் முதல் தேர்வு 2023 செப்டம்பரில் நடந்தது. ஆண்களைப் போலப் பதினேழு, பதினெட்டு வயதில் பெயரை அழைக்கும் வழக்கம் அங்கே இல்லை; அமெரிக்க வீராங்கனைகள் பெரும்பாலும் கல்லூரி ஆட்டத்தை முடித்துவிட்டே தேர்வுக்கு வருகிறார்கள். ஆகவே பள்ளிப் பருவத்தில் உங்கள் மகளைப் பார்க்க வருபவர்கள் கல்லூரிப் பயிற்சியாளர்களாகவே இருப்பார்கள். 1994இல் பெண்கள் ஹாக்கியைப் பள்ளி விளையாட்டாக ஏற்ற மினசோட்டாவில், ரெட் விங் பள்ளிக்கு ஆடி 2018இல் ‘மிஸ் ஹாக்கி’ விருது பெற்ற டெய்லர் ஹைஸ், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஐந்து பருவங்கள் ஆடிய பிறகு 23 வயதில் அந்த முதல் தேர்வின் முதல் வீராங்கனையாக மினசோட்டா அணிக்கு எடுக்கப்பட்டார். 2024இல் அந்த அணி லீகின் முதல் கோப்பையை வென்றபோது இறுதிச் சுற்றுகளின் மிகச் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். ஆண்களுக்குக் கிடைக்காத ஐந்தாறு ஆண்டுகள் உங்கள் மகளுக்குக் கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் அவளுடைய புள்ளிகளை யாருடனும் ஒப்பிட வேண்டிய அவசரம் இல்லை.